எல்லாம் இருக்கு, பில் போடுங்க

காயில்காரர் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்கள் என்று தெரு முழுக்கத் தெரிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கம்ப்யூட்டர்தான் வந்தபாடில்லை.

காயில்காரர் என்றால் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுப்பவர். கீழே கடை, மேலே வீடு. கடையில் எந்நேரமும் பத்துப் பதினைந்து மோட்டார்கள் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும். கருகின கம்பியை வெட்டி எடுப்பார், பள்ளங்களைச் சுரண்டுவார், காகிதம் செருகுவார், புதுக் கம்பியைச் சுற்று எண்ணி இறக்குவார். எண்ணுகிற நேரத்தில் வீடே பற்றி எரிகிறது என்று சொன்னாலும் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார், இரு என்று. வார்னிஷ் வாசனை படியேறி வந்து சோற்றுப் பானை வரைக்கும் உட்கார்ந்திருக்கும். இதெல்லாம் அவர் மனைவிக்குப் பதினாறு வருடப் பழக்கம். பழகாத ஒன்று உண்டு. அந்த மனிதர் எதையும் முழுசாக வாங்கமாட்டார்.

மின்விசிறி வாங்கினால் மோட்டார் ஒரு கடையில், இறக்கை இன்னொரு கடையில். துணி துவைக்கும் இயந்திரம் வாங்கியபோது தொட்டியும் மூடியும் வேறு வேறு நிறத்தில் வந்து சேர்ந்தன. கேட்டால், "முழுசா விக்கிறவன் உள்ள என்ன வெச்சிருக்கான்னு உனக்குத் தெரியுமா? நான் தினம் தொறந்து பாக்கறேன். அவ்வளவும் குப்பை" என்பார். அப்படி வாங்கியதெல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பது அவளுக்கு இன்னும் எரிச்சல்.

அவளுக்குக் கம்ப்யூட்டர் ஆசைக்கு அல்ல, வேலைக்கு. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு டைப் அடிப்பது அவள் வேலை. காலுக்குக் கீழே ஒரு மிதி இருக்கும். மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். எதையாவது மென்றுகொண்டே பேசுகிற டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் சொல்வது அவர் பெண்டாட்டிக்கே புரியாது என்று ஆபீசில் சிரிப்பார்கள். அந்தப் பதிவுகளெல்லாம் ஏழு வருடமாக இவள் மேஜைக்குத்தான் வந்துகொண்டிருந்தன.

போன மாதம் ஆபீஸ் மேடம் ஆறு பேரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டாள். "இந்த ரூமைக் காலி பண்றோம். இனிமே எல்லாரும் வீட்டுலேந்துதான். ஆறு பேர்ல நாலு பேருக்குத்தான் வேலை. ஒண்ணாந் தேதி திங்கக்கிழமை, காலைல பத்து மணிக்கு உங்க உங்க வீட்டு மெஷின்ல டெஸ்ட் ஃபைல் வரும். மெஷின் இல்லாதவங்க அன்னிக்கு என்னைக் கூப்பிட வேண்டாம்."

அவள் இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருந்த பணம் இருந்தது. ரெடியாக ஒன்றைக் காட்டி இதைக் கொடு என்று வாங்கி வந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். வாய் தவறி வீட்டில் சொல்லிவிட்டாள்.

"ரெடிமேடா? அதெல்லாம் வேண்டாம். நான் பாத்துக்கறேன்" என்றார் காயில்காரர்.



அவர் பார்த்துக்கொண்டது மூன்று வாரம். ஒரு மோட்டார் பில்லின் முதுகில் பட்டியல் போட்டார். மதர்போர்டு, ப்ராசஸர், ராம், டிஸ்க், பவர் பெட்டி, வெளிக்கூடு, மானிட்டர். தினமும் கடையடைத்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறி நாலு கடை போய் வருவார். ஒரு பெயரை அடிப்பார், பக்கத்தில் இன்னொன்றை எழுதுவார். இதற்கு நடுவில் அவள் தம்பி வேறு. அவன் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிறவன். அதனால் கம்பி போகிற எல்லாப் பொருளும் தன் ஆட்சிக்கு உட்பட்டது என்று நினைப்பு. ராத்திரி பகல் பாராமல் வீடியோ அனுப்புவான்.

"மாமா, ராம் எட்டு ஜிபி போட்டா வேஸ்ட். பதினாறு போடுங்க."

"அவ டைப்தானே மாப்ள அடிக்கப் போறா. ராக்கெட்டா விடப் போறா?"

"நாளைக்கு வேணும்னா?"

"நாளைக்கு வேணும்னா நாளைக்கு வாங்கு. பவர் பெட்டியில கை வெக்காத. அடிப்படை அதுதான். கரெண்டு சுத்தமா வரலைன்னா மத்ததெல்லாம் தெண்டம்."

"நீங்க கரெண்டுலயே இருங்க மாமா."

ஒன்பதாவது படிக்கும் மகள் தன் பங்குக்கு, "பக்கத்துல கண்ணாடி வெச்சு உள்ள லைட்டு எரியற கூடு வாங்குங்கப்பா" என்றாள். "விளையாட்டு வெக்கலாமா அதுல?" என்றும் கேட்டாள்.

அம்மாக்காரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். நாத்தனார் மகன் விளையாட்டில் விழுந்து பரீட்சைக்கே போகாமல் ஒரு வருடத்தைத் தொலைத்தது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"இந்த வீட்டுக்குள்ள வர்ற கம்ப்யூட்டர்ல கேம்னு ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. புரிஞ்சுதா? உனக்கு மட்டும் இல்ல. எல்லாருக்கும் சேத்துத்தான்."

"நான் என்ன பண்ணேன்?" என்றார் காயில்காரர்.

"நீங்க ஒண்ணும் பண்ணல. மூணு வாரமா அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை. அரை நாள் வேலை முடிந்ததும் அவளே அவரைக் கடையிலிருந்து கிளப்பிக்கொண்டு போனாள். வெயில் மண்டையைப் பிளந்தது. அந்தக் கடை நடைபாதை அகலத்துக்கு நீளமாகப் போகும், ஒருவர் பின் ஒருவராகத்தான் நிற்க முடியும். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு காயில்காரரைப் பார்த்தார். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"வாங்க சார். இன்னிக்காவது வாங்கறீங்களா, இல்ல பாக்கறீங்களா?"

"வாங்கறோம்" என்றாள் அவள்.

மதர்போர்டு முடிந்தது. ராம் முடிந்தது. பவர் பெட்டியில் வந்து வண்டி நின்றது. காயில்காரர் இரண்டு பெட்டிகளை இரண்டு கையில் ஏந்தி மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார்.

"ரெண்டுலயும் ஒரே வாட்டுதான் போட்டிருக்கான். ஆனா இது கனம் கம்மி. உள்ள செம்பு இல்ல."

"சார், இருபது வருஷமா கடை வெச்சிருக்கேன். பவர் சப்ளையை எடை பாத்து வாங்கறவரை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"நல்லாப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் இரண்டையும் வாசலுக்கு எடுத்துப் போனார். வெளிச்சத்தில் சல்லடை ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்க்க வேண்டுமாம். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அவளுக்குக் கால் வலித்தது. காலையில் ஒரு டீ குடித்ததுதான். பின்னால் நின்ற இரண்டு பேர் உச்சுக் கொட்டினார்கள். அவமானமாக இருந்தது.

"ப்ராசஸர் மட்டும்தாம்மா பாக்கி. சார் எழுதியிருக்கறதுல ரெண்டு வகை இருக்கு" என்று கடைக்காரர் இரண்டு சின்ன டப்பாக்களை எடுத்து வைத்தார். "இது கிராபிக்ஸோட வர்றது. இது கிராபிக்ஸ் இல்லாதது, விலை கொறச்சல். வேகம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

"கிராபிக்ஸ்னா இந்தக் கேமுக்கு வேணுங்கறதுதானே?"

"கேமுக்கும் வேணும். இல்லாதது வாங்கினா அப்பறம் கார்டு ஒண்ணு..."

"எங்களுக்குக் கேமே வேண்டாங்க. இல்லாததையே குடுங்க."

"கார்டு வீட்ல இருக்கா அம்மா?"

வாசலில் காயில்காரர் ஒரு பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வந்தால் இந்த டப்பாக்கள் இரண்டையும் கையில் ஏந்துவார், இன்னும் அரை மணி நேரம் போகும்.

"எல்லாம் இருக்கு, பில் போடுங்க" என்றாள்.

மிச்சமான பணத்தில் நல்ல ஹெட்போன் ஒன்று எடுத்துக்கொண்டாள். மூன்று வாரம் நாலு கடை சுற்றியவர் முடிக்காததை மூன்று நிமிடத்தில் முடித்த திருப்தி வீடு வரும்வரை இருந்தது. மறுநாள் ஞாயிறு. ஆனால் தம்பிக்கு அன்று ஏதோ ஒரு கிடங்கில் கேமரா மாட்டும் வேலை வந்துவிட்டது. நான் இல்லாமல் தொடாதீர்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று ஃபோனில் சொன்னான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்கு எதுக்குடா? ஒண்ணாந் தேதி திங்கக்கிழமைடா" என்று அவள் கத்தினாள்.

"திங்கக்கிழமை நாளன்னிக்கு. தேதி இருபத்தொம்பதுக்கா. உங்க மேடம் தேதியை மாத்திச் சொல்லியிருக்கா."

அவள் உடனே மேடத்துக்கு ஃபோன் போட்டாள். "தேதி தப்பாச் சொல்லிட்டேன்மா, கிழமைதான் கணக்கு. நாளன்னிக்கு பத்து மணி" என்றாள் மேடம், எதுவுமே நடக்காத மாதிரி. உலகத்தில் யாருமே ஒரு வேலையை ஒழுங்காகச் செய்வதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. தன்னைத் தவிர என்றும் சேர்த்துக்கொண்டாள்.

தம்பி எப்படியோ கிடங்கு வேலையைத் தள்ளிப் போட்டுவிட்டு ஞாயிறு பதினோரு மணிக்கு வந்தான். டிஸ்கை முதல் நாளே வாங்கிப் போய்த் தன் கடையில் வைத்து வேண்டியதெல்லாம் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான், அதுவரைக்கும் புண்ணியம். கூடத்தில் பழைய போர்வை ஒன்றை விரித்து மாமனும் மைத்துனனும் உட்கார்ந்தார்கள். சின்னத் திருகாணி பறந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தச் சொன்னான். மேல்மாடிச் சூடு, நாலு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. அவள் சோறு வடித்து, உருளைக்கிழங்கு வறுத்து, முட்டை அவித்து மூடி வைத்தாள்.

ஒன்றரை மணிக்கு மாட்டி முடித்தார்கள். பொத்தானை அழுத்தினார்கள். உள்ளே விசிறி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் கருப்பாகவே இருந்தது. பிறகு, சிக்னல் இல்லை என்று ஒரு வரி காட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டது.

"வயர் லூசா இருக்கும்" என்றான் தம்பி.

வயர் லூசாக இல்லை. ராமைக் கழற்றி மாட்டினார்கள். தம்பி தான் கொண்டுவந்திருந்த கேமராப் பெட்டியோடு மானிட்டரை இணைத்துப் பார்த்தான், படம் வந்தது. ஆக, மானிட்டர் குற்றவாளி இல்லை. மதர்போர்டைத் தனியே எடுத்து அட்டைமேல் வைத்துப் பார்த்தார்கள். மகள் ஃபோனில் தேடித் தேடி, "பேட்டரியைக் கழட்டிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு மாட்டணுமாம்பா" என்று வாசித்தாள். கழற்றி மாட்டினார்கள். சோறு ஆறி விறைத்துப் போனது.

மூன்று மணி வாக்கில் காயில்காரர் காலி டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு டப்பாவை இரண்டு தடவை வாசித்தார். மறுபடி திருப்புளியை எடுத்துக்கொண்டார்.

"எனக்குப் புரிஞ்சு போச்சு மாமா. பவர் பெட்டிதான். வெயிட்டு பாத்து வாங்கினா வேற என்ன ஆகும்? நான் சொன்ன பெட்டிய வாங்கியிருந்தீங்கன்னா இந்நேரம் சினிமா பாத்துக்கிட்டு இருக்கலாம்."

"இருக்கலாம் மாப்ள."

"இருக்கலாமா? நிச்சயமா அதுதான்."

"அப்ப அதுவாத்தான் இருக்கும்" என்று சொல்லி அவர் பெட்டியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார்.

தம்பி விடவில்லை. பவர் பெட்டியை வைத்து அரை மணி நேரம் சிரித்தான். மாமா காய்கறி வாங்குவதற்கும் கம்ப்யூட்டர் வாங்குவதற்கும் ஒரே தராசுதான் என்றான். அவர் தலை நிமிராமல் திருகாணி முடுக்கினார். ஐந்து மணியும் ஆயிற்று. நாளைக்குப் பத்து மணி. ஏழு வருட வேலை. அந்த அமைதியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பேசுங்களேன். கேக்கறான்ல. மூணு வாரம். மூணு வாரமா நாலு கடை. இருபது வருஷமா எரிஞ்சு போனதையே கட்டிக்கிட்டு இருக்கறவர்கிட்டப் போய்ப் புதுசா ஒண்ணு வாங்கித் தாங்கன்னு கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

மகள் ஃபோனைப் பார்த்தபடி எழுந்து உள்ளே போனாள். தம்பிகூட, "அக்கா, விடுக்கா" என்றான். காயில்காரர் கீழே கிடந்த திருகாணிகளைப் பொறுக்கி ஒரு மூடியில் போட்டுக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

ஆறு மணிக்குத் தம்பி கிளம்பினான். வேறு பவர் பெட்டியோடு நாளைச் சாயங்காலம் வருகிறேன் என்றான். நாளைச் சாயங்காலம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. கடைக்காரருக்கு ஃபோன் போட்டுப் போட்டுப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, ஃபோனை அணைத்து வைத்திருந்தார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் கண் விழித்தபோது புருஷன் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை. ஃபோனை வேறு வைத்துவிட்டுப் போயிருந்தார். இன்றைக்குப் பார்த்து எங்கே போய்த் தொலைந்தார் என்று அவள் பாத்திரங்களோடு சண்டை போட்டாள். மகளுக்கு ரொட்டியில் முட்டையை வைத்துக் கட்டிக் கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். எட்டேகால் மணிக்குக் கடைக்காரர் ஃபோனை எடுத்தார்.

"என்னங்க சாமான் குடுத்திருக்கீங்க? படமே வரல" என்று ஆரம்பித்தவள் ஒரே மூச்சில் பவர் பெட்டி வரைக்கும் சொல்லி முடித்தாள். கடைக்காரர் குறுக்கே பேசவில்லை.

"கார்டு போட்டீங்களா அம்மா?"

"என்ன கார்டு?"

"கிராபிக்ஸ் கார்டும்மா. நீங்க வாங்கினது கிராபிக்ஸ் இல்லாத ப்ராசஸர். கார்டு தனியாப் போட்டாத்தான் படம் வரும். கார்டு இருக்கான்னு கேட்டேனே. எல்லாம் இருக்குன்னீங்க."

அவள் கை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

"கிராபிக்ஸ் கேமுக்கு மட்டும் இல்லம்மா. ஒரு எழுத்து தெரியணும்னாலும் அது வேணும். சொல்ல வந்தேன், நீங்க அவசரப்பட்டீங்க. டப்பாவைப் பிரிச்சாச்சுன்னா கம்பெனியில திருப்பி எடுக்க மாட்டாங்க. கடை பத்தரைக்குத்தான் தொறப்பேன். வாங்க, பழைய கார்டு ஏதாவது இருக்கான்னு பாக்கறேன்."

பத்தரைக்குக் கடை. பத்துக்குப் பரீட்சை. ஃபோனை வைத்துவிட்டு அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்ட ஆள் தேடினால் ஆள் கிடைக்கவில்லை. நேற்றுச் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தம்பி எதிரில், மகள் எதிரில் சொன்னது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு பயமும் சேர்ந்துகொண்டதில் அழுகை வந்தது, அழவும் நேரமில்லை.

ஒன்பதே காலுக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. காயில்காரர் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தார். தூசி அப்பிய பழைய கார்டு, அதன்மேல் சின்ன விசிறி ஒன்று.

"தெரு முனை நெட் சென்டர்காரர் ஊருக்குப் போயிருந்தார். ஆறு மணி பஸ்ல வந்து எறங்கறார்னு நேத்தே விசாரிச்சு வெச்சிருந்தேன், பஸ் ஸ்டாண்டுலயே போய்ப் புடிச்சேன். கடையைத் தொறந்து செத்துப் போன மெஷின்லேந்து கழட்டிக் குடுத்தார். ரெண்டு மோட்டார் கட்டிக் குடுத்திருக்கேன் அவருக்கு. விசிறி சுத்தல, பேரிங் இறுகிக் கெடக்கு. ஒரு சொட்டு எண்ணெய் விட்டாப் போதும்" என்று பேசிக்கொண்டே கூட்டின் பக்கவாட்டைக் கழற்றினார்.

"கார்டு வேணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டப்பா மேலயே போட்டிருக்கானே."

"எப்பப் பாத்தீங்க?"

அவர் விசிறியின் நடுவில் எண்ணெய் விட்டு விரலால் சுண்டினார். சுற்றியது. "நேத்து. மூணு மணி இருக்கும்."

அவளுக்கு வந்ததே ஒரு கோபம். "மூணு மணிக்கா? மூணு மணிக்கே தெரிஞ்சுதான் ஆறு மணி வரைக்கும் கழட்டிக் கழட்டி மாட்டினீங்களா? அப்பவே சொல்லியிருந்தா நேத்தே ஏதாவது பண்ணியிருக்கலாம்ல? நான் ராத்திரி பூரா தூங்கலீங்க."

"நெட் சென்டர்காரர் இன்னிக்குத்தான் வர்றார். நேத்து சொல்லி என்ன ஆகப் போவுது?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம். நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன். தப்பு என்னோடது."

"உன் தம்பி இருந்தான்ல" என்றார் அவர். "அவன் பேச ஆரம்பிச்சா பத்து வருஷத்துக்கு நிறுத்த மாட்டான். பவர் பெட்டின்னு சொல்லிக்கிட்டு இருந்தான். சொல்லிட்டுப் போறான்னு விட்டேன்."

"நானும்தானே சொன்னேன்."

அவர் கார்டைப் பள்ளத்தில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. வயரை மாற்றிச் செருகினார், பொத்தானை அழுத்தினார். விசிறி கொஞ்சம் இரைந்தது. மானிட்டர் வெளுத்தது, பிறகு நீலமாயிற்று, பிறகு படம் வந்தது. மணி ஒன்பது நாற்பது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

அவள் தன் ஃபோன் வழியாக நெட்டை இணைத்தாள், மிதியை மாட்டினாள், ஹெட்போனைச் சரி பார்த்தாள். எல்லாம் வேலை செய்தது. ஒன்பது ஐம்பத்தொன்று. விரலைத் தளர்த்திக்கொண்டு கொஞ்சம் மூச்சு விடலாம், அவ்வளவு நேரம்தான் இருந்தது. அவள் காயில்காரர் விட்டுவிட்டுப் போன ஃபோனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"மாமா, ஏணி மேல நிக்கறேன், அப்பறம்..."

"நான்தான்டா. பவர் பெட்டியெல்லாம் ஒண்ணும் கொண்டு வராத. பெட்டி நல்லாத்தான் இருக்கு. ப்ராசஸரைத் தப்பா வாங்கினது நான். கடைக்காரர் கேட்டதுக்குச் சரியா பதில் சொல்லாம அவசரப்பட்டு வாங்கிட்டு வந்தது நான். உங்க மாமா மூணு மணிக்கே கண்டுபுடிச்சுட்டார். உன் எதிர்ல என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு சும்மா இருந்தார்."

"என்னக்கா சொல்ற? அப்ப நான் சிரிச்சதெல்லாம்..."

"ஆமா. நீ சிரிச்சதும் நான் பேசினதும். ஏணிலேந்து எறங்கி அவர்கிட்டப் பேசு."

"அவர் ஃபோன்தானேக்கா உங்கிட்ட இருக்கு."

"அப்ப நேர்ல வா" என்று வைத்துவிட்டாள். மேஜைக்கு வந்தபோது திரையில் ஃபைல் இறங்கி நின்றது. நாற்பது நிமிடம் என்று மேலே ஒரு கடிகாரம், இன்னும் ஓடத் தொடங்கவில்லை. கீழே யாரோ மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கிய சத்தம் படி வழியாக வந்தது.

"அண்ணே, இப்பவே ஓட்டிப் பாத்துச் சொல்லிடுங்க. தண்ணி இல்லாம வீட்ல கத்தறாங்க."

"பதினோரு மணிக்கு வாங்க" என்றார் காயில்காரர்.

"கடை தொறந்துதானே இருக்கு? இன்னும் என்ன பதினோரு மணி? ஒரு தடவை ஓட்டிக் காட்டறதுக்கு என்னண்ணே?"

"இப்ப சத்தம் கூடாதுங்க. மேல வேலை நடக்குது."

அவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மிதியை மிதித்தாள்.